ஸ்கோர் சொல்வதற்கு முன் ஒரு பார்வை

சென்னையில் நான் விளையாடப் போகும் இடத்தில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. இருபது வருடம் ஷட்டில் ஆடிய ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், முதல் முறையாக பிக்கிள்பால் கோர்ட்டில் இறங்கியிருந்தார். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை 'பேடில்' என்கிற மட்டையால் வலைக்கு மேலே அடித்து ஆடுகிற ஆட்டம் அது. டபுள்ஸ் ஆட்டம். எதிர்ப்பக்கம் சர்வ் போடுவது ஒரு கல்லூரிப் பையன். இவர் ஷட்டிலில் சர்வ் வாங்குகிற மாதிரியே நின்றார். இடது கால் முன்னே, உடம்பு லேசாகக் குனிந்து, பேடில் தலைக்கு மேலே. பையன் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டிப் பிடித்தான், நிமிர்ந்து பார்த்தான், அப்படியே நின்றான். இவரும் நின்றார். நாலைந்து வினாடி போனது.

"போடு தம்பி, எதுக்கு நிக்கிற?"

"நீங்க இன்னும் ரெடி ஆகலையேன்னு நிக்கிறேன் சார்."

"ரெடியாத்தானே நிக்கிறேன்!"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஷட்டில் டபுள்ஸில் பேட்டைத் தலைக்கு மேலே உயர்த்தி நிற்பது என்றால், 'வா, அடிக்கத் தயார்' என்று அர்த்தம். பிக்கிள்பாலில் பேடிலைத் தலைக்கு மேலே தூக்குவது 'பொறு, நான் தயாரில்லை' என்பதற்கான சைகை. விதிப்புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. நிற்கிற நிலை ஒன்றுதான், இரண்டு ஆட்டத்திலும் அதற்கு நேர்எதிரான பொருள். அன்று இரண்டு பேரும் சிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஆனால் சர்வ் போடுகிறவரும் வாங்குகிறவரும் ஒருவருக்கொருவர் என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு அங்கேதான் பிடித்துக்கொண்டது. பிக்கிள்பால் இந்தக் கேள்விக்கு மற்ற ராக்கெட் ஆட்டங்களிலிருந்து வேறுபட்ட ஒரு விடை வைத்திருக்கிறது. அது நல்ல விடை என்பது என் கருத்து.

முதலில் மற்ற ஆட்டங்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம். டென்னிஸில், ரிசீவர் தயாராகும்வரை சர்வ் போடக் கூடாது. அதே சமயம் சர்வரின் நியாயமான வேகத்துக்கு ரிசீவரும் ஈடுகொடுக்க வேண்டும். ரிசீவர் பந்தை அடிக்க முயன்றுவிட்டால் அவர் தயாராக இருந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஷட்டிலிலும் அப்படித்தான். திருப்பி அடிக்கப் பார்த்தாயா, அப்போது நீ தயார். டேபிள் டென்னிஸில், தயாரில்லாதபோது சர்வ் வந்தால் அது லெட், மறுபடி போட வேண்டும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: ரிசீவரோ அவர் பார்ட்னரோ பந்தை அடிக்க முயன்றிருக்கக் கூடாது.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று தெரிகிறது. ரிசீவர் தயாரா இல்லையா என்பதைப் பந்து வந்த பிறகு அவர் செய்ததை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். நடுவர் இருக்கும் போட்டியில் இது ஓடும். நாலு பேர் தாங்களாகவே ஆடுகிற இடத்தில் இதுதான் வாக்குவாதத்துக்கு வழி. "கை தானா போச்சுப்பா, நான் அடிக்கப் பாக்கல" என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க யாரிடமும் ஆதாரம் இருக்காது.

பிக்கிள்பால் இந்தக் கேள்வியைப் பந்துக்கு முன்னாலேயே கொண்டுவந்து வைத்துவிட்டது. அதற்கு அது பிடித்துக்கொண்ட இடம் ஸ்கோர் சொல்லும் நொடி. அமெரிக்காவின் யுஎஸ்ஏ பிக்கிள்பால் அமைப்பின் விதிகள்படி, சர்வ் போடுவதற்கு முன்னால் ஸ்கோரை வாய்விட்டு முழுதாகச் சொல்ல வேண்டும். நடுவர் இருந்தால் அவர் சொல்வார், இல்லாவிட்டால் சர்வர் சொல்வார். சொல்வதற்கு முன்னால், எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்களா, ஆடத் தயாராக இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்தப் பார்வை சர்வரின் கடமை. ஸ்கோர் தொடங்குவதற்கு முன் தான் தயாரில்லை என்று காட்டுவது ரிசீவரின் கடமை.

காட்டுவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பேடிலைத் தலைக்கு மேலே தூக்கலாம். பேடில் பிடிக்காத கையைத் தலைக்கு மேலே தூக்கலாம். அல்லது வலைக்கு முழுசாக முதுகைக் காட்டித் திரும்பி நிற்கலாம். வாங்கப்போகிறவர்தான் காட்ட வேண்டும் என்றில்லை, அவருடைய பார்ட்னரும் காட்டலாம். "வெயிட்", "ஒரு நிமிஷம்" என்று கத்துவது இந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்துக் கோர்ட்டில் எட்டுப் பேர் கத்திக்கொண்டிருக்கும்போது 44 அடி நீளக் கோர்ட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் குரல் போய்ச் சேருமா என்பதே சந்தேகம். தூக்கிய கை தெரியும்.

ஸ்கோர் சொல்லத் தொடங்கிவிட்டால் இந்தச் சைகைகள் செல்லாது. அதன்பின் கையைத் தூக்கினாலும், முதுகைத் திருப்பினாலும் சர்வ் செல்லும், பாயின்ட் போகும். ஆட்டத்துக்கு வெளியிலிருந்து உண்மையான இடையூறு வந்தால் மட்டும் விதிவிலக்கு. பக்கத்துக் கோர்ட்டின் பந்து காலடியில் உருண்டு வருவது எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். அப்போது "பால்!" என்று கத்தி நிறுத்தலாம், மறுபடி ஆடலாம்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லோரும் தயாராக இருக்கும்போது மட்டும் ஸ்கோர் சொல்ல வேண்டும் என்று விதி சொல்லவில்லை. தயாராக இருக்கும்போது, அல்லது தயாராக இருந்திருக்க வேண்டிய நேரத்தில் சொல்லலாம் என்கிறது. அந்த 'அல்லது' இல்லாவிட்டால், ஒரு பாயின்ட் தோற்ற ரிசீவர் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே எதிராளியின் ஓட்டத்தை உடைத்துவிடலாம். ஒரு ராலி (சர்வ் முதல் பந்து சாகும்வரை நடக்கும் அடிதடி) முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சட்டென்று ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம், துண்டால் முகத்தைத் துடைக்கலாம். ஆட்டத்தின் ஓட்டம் கெடாதவரை அதற்கு அனுமதி உண்டு. சென்னை வெயிலில் அது இல்லாமல் முடியவும் முடியாது. அதற்கு மேல் நேரம் வேண்டுமென்றால் டைம்-அவுட் எடுக்க வேண்டும். 11 பாயின்ட் ஆட்டத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு டைம்-அவுட், ஒவ்வொன்றும் 1 நிமிடம்.

ஸ்கோர் சொல்லி முடித்த நொடியிலிருந்து சர்வருக்கு 10 வினாடி. அதற்குள் சர்வ் போட்டாக வேண்டும், தாண்டினால் ஃபால்ட், அதாவது விதிமீறல். நிறையப் பேர் இதை சர்வரை அவசரப்படுத்துகிற விதியாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது ரிசீவரைக் காக்கிற விதியாகவும் தெரிகிறது. தயார் நிலையில் குனிந்து, முழங்காலை மடக்கி நிற்கிற ஒருவரை எவ்வளவு நேரம் அப்படியே நிறுத்தி வைக்கலாம் என்பதற்கு அது ஓர் எல்லை போடுகிறது. மேல் எல்லை இருக்கிறது, கீழ் எல்லை இல்லை. ஸ்கோரின் கடைசி எண்ணுக்கும் பந்தை அடிப்பதற்கும் இடையே குறைந்தது இவ்வளவு நேரம் விட வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

விதி முடிந்து மரியாதை தொடங்கும் இடம் இதுதான். சிலர் கீழே குனிந்தபடியே, டபுள்ஸ் ஸ்கோரின் மூன்று எண்ணையும் ஒரே சொல்லாக "ஃபோர்டூஒன்" என்று முணுமுணுத்து, 'ஒன்' காற்றில் இருக்கும்போதே பந்தை அடித்துவிடுவார்கள். எதிர்ப்பக்கம் யாரும் கை தூக்கவில்லை என்றால் விதிப்படி இதில் பிடிப்பதற்கு அதிகமில்லை. ஆனால் பார்க்காமல் சொன்ன ஸ்கோர் தன் வேலையைச் செய்யவில்லை. சொல்லுக்கு முன்னால் வர வேண்டியது பார்வை. அதைத் தவிர்த்தவர் ரிசீவருக்குக் கை தூக்க வாய்ப்பே தரவில்லை. எங்கள் இடத்தில் இப்படிப் போடுகிற ஒருவருடன் நான் பலமுறை ஆடியிருக்கிறேன். அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, பதற்றம்தான். "மூச்சு விட்டுட்டு போடுங்க அண்ணா" என்று ஒருநாள் பார்ட்னர் சொன்னதற்குப் பிறகு அவருடைய சர்வே மேம்பட்டது.

இந்த அரை வினாடிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். வழக்கமான ஸ்கோர் முறையில் சர்வ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயின்ட் கிடைக்கும். ரிசீவர் ராலியை வென்றால் அந்த சர்வரின் முறை முடியும், அவ்வளவுதான். ஆகவே தயாராக இல்லாமல் ஒரு சர்வை விட்டால் அது நேராக எதிராளியின் கணக்கில் போய்ச் சேரும். 11-க்கு ஆடுகிற ஆட்டத்தில் அப்படி இரண்டு போனால் அதை ஈடுகட்டுவது லேசில்லை.

சரி, இந்த ஆட்டம் ஷட்டில்காரர்களை இவ்வளவு குழப்புவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இது ஷட்டிலின் வயிற்றில் பிறந்த ஆட்டம். 1965 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில் இருந்த ஜோயல் பிரிட்சர்டின் வீட்டில் பழைய ஷட்டில் கோர்ட் ஒன்று இருந்தது. பிரிட்சர்ட் அப்போது மாநில சட்டமன்ற உறுப்பினர். அவரும் நண்பர் பில் பெல்லும் ஆடத் தேடியபோது ஷட்டில் சாமான்கள் முழுசாகக் கிடைக்கவில்லை. டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் எடுத்து ஆடினார்கள். ஷட்டில் உயரத்தில், 60 அங்குலத்தில் இருந்த வலையை 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். பிறகு பார்னி மெக்கல்லம் சேர்ந்துகொண்டார். வீட்டில் சின்னவர்களும் பெரியவர்களும் சேர்ந்து ஆட ஏதாவது வேண்டும் என்பதுதான் அவர்கள் தேடியது. கோர்ட்டின் அளவு இன்றைக்கும் ஷட்டில் டபுள்ஸ் கோர்ட்டின் அதே 20 அடிக்கு 44 அடி.

குடும்பமாக ஆடுகிற ஆட்டம் என்பதால் சர்வை ஆயுதமாக்காமல் வைக்கும் முயற்சி விதிகளில் நெடுகத் தெரியும். கையைக் கீழிருந்து மேலே வீச வேண்டும். பந்தை இடுப்புக்குக் கீழே அடிக்க வேண்டும், இடுப்பு என்பது தொப்புள் மட்டம். பேடிலின் தலை மணிக்கட்டைத் தாண்டி உயரக் கூடாது. அடிக்கும்போது ஒரு காலாவது பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்கு)ப் பின்னால் தரையில் இருக்க வேண்டும், கோட்டை எந்தக் காலும் தொடக் கூடாது. டென்னிஸ் மாதிரி இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பந்து குறுக்கே எதிர்க் கட்டத்தில், வலைக்கு முன்னால் இருக்கும் 7 அடி 'கிச்சன்' பகுதியைத் தாண்டி விழ வேண்டும். கிச்சன் கோட்டில் பட்டாலும் ஃபால்ட், மற்றக் கோடுகளில் பட்டால் நல்ல சர்வ். ரிசீவர் அதைத் தரையில் பட விட்டுத்தான் அடிக்க வேண்டும். அவர் திருப்பியதை சர்வ் போட்ட பக்கமும் தரையில் பட விட்டே அடிக்க வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் சர்வை ஆயுதமாக்கும் முயற்சி நிற்கவில்லை. 2021 வாக்கில் ஸேன் நவ்ராட்டில் என்ற அமெரிக்க வீரர், பந்தைப் பேடிலில் உரசிச் சுழற்றிவிட்டு அடிக்கும் 'செயின்சா' சர்வைப் பிரபலமாக்கினார். பந்து தரையில் பட்டதும் எந்தப் பக்கம் பாயும் என்று கணிப்பது பெரும்பாடு. 2022-ல் பேடிலால் சுழற்றுவதைத் தடை செய்து, வெறும் கையால், அதுவும் ஒரே கையால் மட்டும் சுழற்றலாம் என்றார்கள். உடனே விரல் நுனியில் சுண்டிச் சுழற்றும் சர்வ்கள் பெருகின. 2023-ல் அதையும் நிறுத்தினார்கள். பந்தைக் கையிலிருந்து விடும்போது வேண்டுமென்று சுழற்சி கொடுக்கக் கூடாது. அடிக்கும்போது பேடிலின் வெட்டில் வரும் சுழற்சிக்குத் தடையில்லை. அதை ரிசீவர் கண்ணால் பார்த்துக் கணிக்க முடியும்.

கண்ணால் பார்ப்பது என்றதும் இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். சர்வர் பந்தைக் கையிலிருந்து விடுவது ரிசீவருக்குத் தெரிய வேண்டும். உடம்பை மறைப்பாக வைத்து விட்டால், ரிசீவர் பந்தைத் திருப்பி அடிப்பதற்கு முன்னால் சொல்லி, மறுபடி போடக் கேட்கலாம். அடித்துப் பார்த்து, வலையில் விழுந்த பிறகு "எனக்குத் தெரியலை" என்று சொல்ல முடியாது. தயார் நிலை விதியில் இருக்கிற அதே தர்க்கம்தான் இங்கேயும். குறை இருந்தால் முன்னாலேயே சொல்ல வேண்டும், பின்னால் சொன்னால் செல்லாது.

தவறான ஸ்கோருக்கும் அதே கணக்கு. டபுள்ஸில் மூன்று எண்: சர்வ் போடும் பக்கத்தின் பாயின்ட், எதிர்ப்பக்கத்தின் பாயின்ட், இப்போது போடுகிறவர் முதல் சர்வரா இரண்டாம் சர்வரா என்பது. ஆட்டம் தொடங்கும்போது "ஜீரோ ஜீரோ டூ" என்பார்கள். முதலில் சர்வ் போடும் பக்கத்துக்கு அனுகூலம் கூடிவிடக் கூடாது என்று முதல் முறை மட்டும் அவர்களுக்கு ஒரே ஒரு சர்வர். அவரை இரண்டாம் சர்வராகவே எண்ணுவதால்தான் அந்த 'டூ'. தவறான எண் காதில் விழுந்தால், சர்வைத் திருப்பி அடிப்பதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் நிறுத்தித் திருத்தலாம். ஸ்கோர் உண்மையிலேயே தவறு என்றால் மறுபடி சர்வ். ஸ்கோர் சரியாக இருந்து சும்மா நிறுத்தினால், நிறுத்தியவர் மேல் ஃபால்ட். திருப்பி அடித்த பிறகு நிறுத்தினாலும் ஃபால்ட்தான். ஆகவே சந்தேகம் இருந்தால் பந்து வருவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது. "யாரு சர்வர்? நான் சரியான பக்கம்தான் நிக்கிறேனா?" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. புதிதாக வருகிறவர்கள் பலர் கேட்கத் தயங்கியே தவறான இடத்தில் நிற்கிறார்கள்.

2021-ல் இரண்டு மாற்றங்கள் ரிசீவரின் வேலையைத் தொட்டன. ஒன்று, டிராப் சர்வ். பந்தைக் கையிலிருந்து இயல்பாக விழவிட்டு, தரையில் பட்டு எழுந்த பிறகு அடிப்பது. கீழே எறியவோ மேலே தூக்கிப் போடவோ கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இடுப்பு, மணிக்கட்டுக் கட்டுப்பாடுகள் இதற்கு இல்லை. கை ஒத்துழைக்காத வயதானவர்களுக்கும் புதியவர்களுக்கும் இது பெரிய உதவி. ரிசீவருக்கோ தாளம் மாறுகிறது. பந்து தரையில் படுவதைப் பார்த்து, எழுவதைப் பார்த்து, அப்புறம்தான் கால் நகர வேண்டும். முதல் தட்டலிலேயே அசைந்துவிடுகிறவர்கள் நிலை குலைகிறார்கள்.

இன்னொன்று, லெட்டை எடுத்தது. அதற்கு முன் சர்வ் வலையின் விளிம்பில் உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் மறுபடி போட வேண்டும். இப்போது ஆட்டம் தொடரும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் உரசியதா இல்லையா என்பது ரிசீவரின் காதுக்கு மட்டும் கேட்கிற விஷயமாக இருந்தது, அந்தச் சண்டை இதோடு ஒழிந்தது. ஆனால் 'தயார்' என்ற சொல்லின் பொருள் அகன்றுவிட்டது. பேஸ்லைனுக்குப் பின்னால் ஆழமான சர்வுக்காக நிற்கிறவர், பந்து வலையைத் தொட்டு கிச்சன் கோட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளி விழுவதற்கும் தயாராக இருக்க வேண்டும். பார்ட்னரும் அசந்து நிற்க முடியாது. சர்வ் தரையில் படுவதற்கு முன் ரிசீவர் மேலோ அவர் பார்ட்னர் மேலோ பட்டால் பாயின்ட் சர்வ் போட்டவர்களுக்கு.

சர்வ் உள்ளேயா வெளியேயா என்று சொல்வது வாங்குகிற பக்கம். பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளியைத் தெளிவாகப் பார்த்திருந்தால்தான் "அவுட்" சொல்லலாம். சந்தேகம் இருந்தால் எதிராளிக்குச் சாதகமாக விட்டுவிட வேண்டும், இது எழுதிய விதி. எழுதாமல் புழங்குகிற ஒன்றும் இருக்கிறது: ராலி முடிந்ததும் பந்தை அடுத்து சர்வ் போடப்போகிறவரின் கைக்கு அனுப்புவது. நாம் பந்தை எங்கோ தட்டிவிட்டால், அவர் ஓடிப்போய் எடுத்து, மூச்சு வாங்கத் திரும்பிவந்து, பார்க்காமல் ஸ்கோர் சொல்லிப் போடுவார். அவசர சர்வ் பல நேரம் நாம் அனுப்பிய பந்திலிருந்தே தொடங்குகிறது. இதை நான் என் ஆட்டத்திலேயே பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

இந்தியாவில் சுனில் வலவல்கர் 2008-ல் அனைத்திந்திய பிக்கிள்பால் சங்கத்தைத் தொடங்கியபோது ஆடுவதற்கு ஆள் தேடவேண்டியிருந்தது. இன்று சென்னையில் மாலை ஸ்லாட் கிடைப்பதற்கு முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் இடத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஷட்டில் பழக்கத்தோடும், இன்னும் சிலர் டென்னிஸ் பழக்கத்தோடும் வருகிறார்கள். அடிக்கிற முறையைப் பத்து நாளில் மாற்றிக்கொள்கிறார்கள். நிற்கிற முறையும் சொல்கிற முறையும் மாற நாளாகிறது, ஏனென்றால் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அந்த ஷட்டில்காரர் இப்போதும் வருகிறார். பேடிலை நெஞ்சு உயரத்தில் பிடித்து நிற்கப் பழகிவிட்டார். சர்வ் முறை வரும்போது பந்து இருக்கிற இடது கையை முதலில் உயர்த்திக் காட்டுகிறார். எதிர்ப்பக்கம் இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் கையை இறக்கி, ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொல்கிறார். போன வாரம் அந்தக் கல்லூரிப் பையன் சட்டையின் தோளில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேடிலைத் தலைக்கு மேலே தூக்கினான். இவர் பந்தைத் தரையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காத்திருந்தார். பேடில் இறங்கியது. "த்ரீ... ஃபைவ்... ஒன்."